கல்வெட்டு எண்டு பேர், மட்டை பிளாஸ்ரிக்

யாழ்ப்பாணத்தில் ஒரு சைவக் குடும்பத்தில் ஆள் தவறினால், 31ஆம் நாள் அந்தியேட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வரும். அதை நாங்கள் கல்வெட்டு எண்டு சொல்லுறம். வெளியூர் ஆக்களுக்கு விளங்கப்படுத்துறதெண்டால் நினைவு மலர். இப்ப வாற கல்வெட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கோ. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போட் மட்டை, அதுக்கு மேலே மினுங்கல் லமினேஷன், உள்ளுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள், முதுகில் இரண்டு ஸ்ரேப்ளர் பின். இரண்டு மாரி கழிய அந்த மட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பின் கறள் பிடிச்சு நடுப்பக்கம் கையோடு கழன்று வரும். கல் எண்டு பேர் வைத்த சாமானுக்கு வந்த கதி இது.

இதை எழுதுறதுக்குக் காரணம் அழகு பற்றின சண்டை இல்லை. முகிலுக்கு மேலே அப்பப்பா நிற்க, பின்னால் கைலாச மலை தெரிய, பக்கத்தில் குத்துவிளக்கு எரியிற அட்டைப்படத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அது அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம், நான் வாய் திறக்கேல்லை. நான் சொல்ல வாறது மட்டையைப் பற்றி. எந்தத் தாள், எந்த மட்டை எண்டதை நாங்கள் தெரிவு செய்யிறதே இல்லை. பாரத்தை மரியாதை எண்டு நினைக்கிறம், மினுக்கத்தை அன்பு எண்டு நினைக்கிறம். அப்படி நினைச்சு, எங்கட ஊரில் குடும்பங்கள் தாங்களே எழுதி அச்சடிக்கிற ஒரே ஆவணத்தை எழுதவும் ஏலாத, வைக்கவும் ஏலாத பொருளாக்கிப்போட்டம்.

கல்வெட்டுக்குள் என்ன இருக்குது எண்டு ஒருக்கால் யோசியுங்கோ. முதலில் திதி வெண்பா. ஆள் தவறின வருசம், மாதம், பட்சம், திதி எல்லாத்தையும் ஒரு வெண்பாவுக்குள் கட்டி வைத்திருப்பினம். பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், சிவபுராணம், மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல். கடைசியில் வம்சாவளி, நன்றி நவிலல். இதில் திதி வெண்பா வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு வருசமும் திவசத்துக்கு நாள் பார்க்கிறதுக்குப் பிள்ளைகள் அதைத்தான் எடுத்துப் பார்க்கவேணும். ஆகக் குறைந்தது வருசத்துக்கு ஒருதரம், முப்பது நாற்பது வருசத்துக்கு லாச்சியிலிருந்து வெளியில் வந்து திரும்ப உள்ளுக்குப் போகவேண்டிய புத்தகம் அது. கலியாணக் காட்டின் ஆயுள் கலியாணம் மட்டும்தான். அதுக்கு 350 ஜிஎஸ்எம் போடுங்கோ, பொன் முலாம் பூசுங்கோ, பெட்டிக்குள் வைத்துக் குடுங்கோ, எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

வம்சாவளி இன்னும் பெரிய விசயம். போரால் பதிவேடுகள் தொலைந்த ஊர்கள், நாலைஞ்சு தரம் இடம்பெயர்ந்த குடும்பங்கள், அரைவாசி ஆக்கள் கடலுக்கு அந்தப் பக்கம். யார் யாருக்கு என்ன முறை எண்டதைப் பல வீடுகளில் ஒரு அம்மம்மாவின் ஞாபகமும் ஒரு கட்டுக் கல்வெட்டும்தான் தாங்கிக்கொண்டு நிற்குது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் எரிச்சபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போனது எண்டு நாங்கள் ஒவ்வொரு ஜூனிலும் சொல்லிக்கொள்ளுறம். அங்கே இருந்த ஏட்டுச்சுவடிகளுக்கு இன்னொரு பிரதி இல்லை, அதாலேதான் அந்த இழப்பு இழப்பாகவே நிற்குது. கல்வெட்டு அப்படி இல்லை. முந்நூறு வீட்டுக்குப் போகுது. ஒரு வீடு எரிஞ்சாலும் இன்னொரு வீட்டில் கிடக்கும். அந்தப் பலத்தை நெருப்பு இல்லாமலே வீணாக்கிற வேலையைத்தான் நாங்கள் லமினேஷன் போட்டுச் செய்யிறம்.

இந்த மினுக்க ஆசை எங்கேயிருந்து வந்தது? என் கணிப்பு, பஞ்சத்திலிருந்து. 1990இல் போர் திரும்பத் தொடங்கினதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எண்ட வரிசையில் தாளும் தட்டுப்பாடாய்ப் போனது. கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகையும் புத்தகமும் அச்சான காலம் அது. பிறகு 2002இல் ஏ9 பாதை திறந்தது, கொழும்பிலிருந்து தாள் வந்தது. 2006 ஓகஸ்ரில் பாதை திரும்பப் பூட்ட, யாழ்ப்பாணப் பத்திரிகைகள் தாள் இல்லாமல் பக்கங்களைக் குறைச்சு வந்தன. பாதை திறந்தால் தாள், பூட்டினால் கோடு போட்ட கொப்பி. இப்படி வாழ்ந்த சனத்துக்கு, வழுவழு எண்டு கனமான ஒரு மட்டையைக் கையில் பிடிக்கிறதில் ஒரு நிம்மதி இருக்கும். இல்லாமல் இருந்ததின் வலி அது. நான் அதை நக்கலடிக்க மாட்டன். ஆனால் கொப்பித் தாளில் அச்சடிச்ச ஆக்களுக்குத் தெரிவு இருக்கேல்லை. எங்களுக்கு இருக்குது.

அந்தத் தெரிவும் சும்மா வரேல்லை. மட்டக்களப்பு வாழைச்சேனையில் 1950களில் தொடங்கின காகித ஆலை வைக்கோலிலிருந்து கூழ் எடுத்துத் தாள் செய்தது. இண்டைக்கு எங்கட அச்சகங்களில் நாங்கள் தடவிப் பார்க்கிற மட்டைகள் கப்பலில் வாறவை. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் தாள் வராதபோது மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சைகளைத் தள்ளி வைச்சவை. ஐலண்ட், திவயின பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நின்றது. அந்த வருசத்தைக் கண்ட பிறகும் 200 காணும் எண்ட இடத்தில் 300 போடுறம்.

சரி, மட்டைக்கு வருவம். ஜிஎஸ்எம் எண்டால் என்ன? ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில். அவ்வளவுதான். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று 5 கிராம். இந்த எண் பாரத்தைச் சொல்லும். தடிப்பைச் சொல்லாது, விறைப்பைச் சொல்லாது, எத்தினை வருசம் கிடக்கும் எண்டதைச் சொல்லவே சொல்லாது. ஆர்ட் போட்டுக்கு மேலே வெண்களியும் சுண்ணத்தூளும் பூசி உருளைக்குள் விட்டு அமத்தியிருப்பினம். பாரத்தில் ஒரு பங்கு அந்தப் பூச்சு. அதே 250 ஜிஎஸ்எம்மில் பூச்சு இல்லாத மட்டையை எடுத்தால் அது தடிப்பாய் இருக்கும். விறைப்பு தடிப்போடு நேராய்க் கூடுறதில்லை. தடிப்பு இரட்டிச்சால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. அதாலே பூச்சில்லாத 220 மட்டை, பூச்சுள்ள 250ஐ விட நிமிர்ந்து நிற்கிறதும் உண்டு. "300ல போடுங்கோ தம்பி, பிறகு சனம் குறை சொல்லும்" எண்டு அச்சகத்தில் சொல்லுவினம். சனத்துக்கு ஜிஎஸ்எம் தெரியாது. சனம் விரலால் தான் பார்க்கும்.

விரலால் பார்க்கிறதிலும் ஒரு முறை இருக்குது. தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடுற திசையில் நார்கள் படுத்துவிடும். ஓலையைப் பாருங்கோ, நரம்பு ஓடுற பக்கம் நேராய்க் கிழியும், குறுக்கே கிழிச்சால் பிய்யும். மட்டையும் அதுதான். ஒரு துண்டை எடுத்து மடிக்காமல் மெல்ல வளையுங்கோ. முதலில் ஒரு பக்கம், பிறகு திருப்பி மற்றப் பக்கம். எந்தப் பக்கம் லேசாய் வளையுதோ, அந்த வளைவின் முதுகுக் கோடு எப்படிப் போகுதோ, நாரும் அப்படித்தான் ஓடுது. புத்தக மட்டையின் மடிப்பு நாரோடு சேர்ந்து போகவேணும். குறுக்கே மடிச்சால் பூச்சு வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும், கறுப்பு அட்டையில் இன்னும் அசிங்கமாய்.

இதில் ஒரு பொறி இருக்குது. பெட்டியில் வாற ஏ4 மட்டைகளில் பெரும்பாலும் நார் நீளப்பக்கமாய் ஓடும். ஏ4ஐ இரண்டாய் மடிச்சு ஏ5 புத்தகம் செய்தால் மடிப்பு வாறது குறுக்குப் பக்கத்தில். அதாவது, ஏ4 மட்டையை அப்படியே மடிக்கிற ஒவ்வொரு கல்வெட்டும், ஒவ்வொரு கையெழுத்துச் சஞ்சிகையும், எங்கட நண்பர்கள் செய்யிற ஒவ்வொரு சின்னக் கவிதைப் புத்தகமும் நாருக்கு எதிராய்த்தான் மடிபடுது. பெரிய தாளிலிருந்து வெட்டச் சொன்னால் இந்தப் பிரச்சினை இல்லை. கூடுதல் காசும் இல்லை, அல்லது அற்பம். வெட்டுறதுக்கு முதல் சொல்லவேணும், அவ்வளவுதான். 200க்கு மேற்பட்ட மட்டை எண்டால் மடிக்கிறதுக்கு முதல் மடிப்புக் கோட்டை அமத்தித் தரச் சொல்லவும் வேணும்.

லமினேஷனுக்கு வருவம். மட்டையின் வெளிப்பக்கம் பிளாஸ்ரிக் படலம். உள்பக்கம் வெறுந்தாள். மாரியில் காற்றின் ஈரத்தை உள்பக்கம் குடிக்கும், குடிச்சு விரியும். பிளாஸ்ரிக் விரியாது. ஒரு பக்கம் விரிய மற்றப் பக்கம் விரியாட்டில் என்ன நடக்கும்? மட்டை வெளிப்பக்கமாய்ச் சுருளும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் மழை, மற்ற நாளெல்லாம் மூன்று பக்கத்திலிருந்தும் கடற்காற்று. இந்தக் குடாநாட்டில் ஒரு பக்க லமினேஷன் வாய் பிளக்காமல் இருந்தால்தான் அதிசயம். "தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது" எண்டு ஒரு நியாயம் சொல்லுவினம். மட்டையின் முகத்துக்கு ஒண்டும் ஆகாதுதான். ஓரத்தால் போற தண்ணியை அது மறிக்காது. உள்ளே ஆர்ட் தாள் எண்டால் கதை இன்னும் மோசம்: அந்தப் பூச்சு ஈரம் பட்டால் பசையாகும், காயேக்குள்ளே ஒரு பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிப் பலகையாய்ப் போகும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை உங்கட அம்மாமார் சொல்லுவினம். சாதாரண தாள் நனைஞ்சால் பக்கம் பக்கமாய்ப் பிரிச்சு நிழலில் காய வைக்கலாம். அலையடிச்சுக் கிடக்கும், ஆனால் வாசிக்கலாம். ஒட்டிப்போன ஆர்ட் தாளைப் பிரிச்சால் எழுத்தும் சேர்ந்து உரியும். கறையானுக்கும் லமினேஷன் ஒரு தடை இல்லை. அது முன்வாசலால் வாறதில்லை.

இனி, என்னைப் பொறுத்தவரை பெரிய குற்றச்சாட்டு. மினுங்கல் தாளில் எழுத ஏலாது.

கல்வெட்டு அச்சாகி முடியிறதோடு முடியிறதில்லை. அந்தியேட்டி அண்டே பந்தலுக்குக் கீழ் இருந்து வம்சாவளியைத் தடவித் தடவி வாசிக்கிற ஒரு பெரியப்பா இருப்பார். "இஞ்ச பார், மூண்டாவது பெட்டையின்ர பேர் பிழை. இந்தச் சந்ததியையே விட்டிட்டாங்கள்." உடனே சேர்ட் பொக்கற்றிலிருந்து பேனையை எடுப்பார். ஆர்ட் தாளில் பேனை வழுக்கும், மை காயாது, விரல் பட்டால் இழுபடும். அவர் பேனையைத் திரும்ப வைப்பார். அவரோடு அந்தத் திருத்தமும் போகும். பழைய கல்வெட்டுகளைப் பார்த்தவைக்குத் தெரியும், அதுகளின் பெறுமதியில் பாதி ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கிடக்கிறதில்தான் இருக்குது. பிறகு பிறந்த பிள்ளைகளின் பேர், கலியாணம் கட்டின இடம், கனடாவுக்குப் போன வருசம்.

இன்னொண்டு சொல்லவேணும். எங்கட வம்சாவளிகளில் சில பேர்களுக்கு முன்னால் என்ன போடுறது எண்டு யாருக்கும் தெரியாது. "அமரர்" போட்டால் தாய் அழுவா, போடாட்டில் ஊர் கேட்கும். 2009இல் கையில் பிடிச்சுக் குடுத்த பிள்ளைக்கு, 1996இல் சோதனைச் சாவடியைத் தாண்டி வராத அண்ணனுக்கு, அந்தப் பேருக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விடுகிற குடும்பங்கள் உண்டு. அந்த வெற்றிடம் ஒரு நாள் கையால் நிரப்புறதுக்கு விட்ட இடம். அல்லது நிரப்பாமலே விடுறதுக்கு. எப்படியெண்டாலும், பேனை பிடிக்காத தாளில் அந்த இடத்தை விடுறது பொய்யான இடம் விடுறது.

மறுபக்க நியாயத்தையும் கேட்பம். படம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புற மகன் தொலைபேசியில் சொல்லுவார்: "காசைப் பற்றி யோசியாதை, அம்மாவின்ர படம் வடிவா வரோணும்." இது நியாயமான ஆசை. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், படத்தின் கருமை மங்கும், முகத்தின் நுணுக்கம் குறையும். மறுக்க ஏலாது. ஆனால் நாற்பது பக்கப் புத்தகத்தில் படம் உள்ள பக்கம் எத்தினை? நாலு. அந்த நாலு பக்கத்தை மட்டும் மினுங்காத மற் ஆர்ட் தாளில் அடிச்சு நடுவில் சேர்க்கலாம். ஒரு தாள், நடுவில் மடிச்சால் நாலு பக்கம், கட்டுறதும் சுகம். தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் ஆர்ட் தாள் என்னத்துக்கு? சிவபுராணம் மினுங்கவேண்டிய தேவை இல்லை.

காசைப் பற்றி யோசியாதை எண்டவர் பாரத்தைப் பற்றி யோசிக்கத்தான் வேணும். கணக்குப் பாருங்கோ. ஏ5 அளவில் உள்ளே நாற்பது பக்கம், அதாவது பத்து ஏ4 தாள். 130 ஆர்ட் தாளும் 300 மட்டையும் எண்டால் புத்தகம் ஒன்று ஏறக்குறைய 100 கிராம். 80 தாளும் 220 மட்டையும் எண்டால் 64 கிராம். முந்நூறு புத்தகத்துக்கு 30 கிலோவும் 19 கிலோவும். அரைவாசிக் கல்வெட்டு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஆரோ ஒருவரின் பெட்டிக்குள் போகிற காலத்தில் இந்த 11 கிலோ என்ன எண்டு விமான நிலையத்தில் பெட்டி நிறுத்தவைக்குத் தெரியும். அந்தப் பாரத்துக்கு எத்தினை ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வெளியில் எடுத்து வைத்திருப்பினம்!

"பூச்சில்லாத மட்டையில் அழுக்குப் படும்" எண்டு இன்னொரு குறை. படும். படட்டும். கை பட்ட புத்தகத்தில் கை அடையாளம் இருக்கிறதில் என்ன வெட்கம்? வெள்ளையில் அடிக்காமல் மண்ணிறத்திலோ சாம்பலிலோ இளநீலத்திலோ மட்டை எடுத்தால் அது தெரியவும் தெரியாது. நிறமே தனி அழகு, முழு மட்டையையும் மையால் மூடத் தேவையில்லை. பேர், பிறந்த திகதி, தவறின திகதி, சின்னனாய் ஒரு படம். இதுக்குக் கறுப்பு மை ஒண்டு காணும்.

பழசெல்லாம் பொன் எண்டு நான் சொல்லேல்லை. பழைய கல்வெட்டுகள் பலதின் உள்தாள் செய்தித்தாள் வகை. மரத்தை அப்படியே அரைச்ச கூழ், அதில் மரத்தின் லிக்னின் இருக்கும், வெளிச்சம் பட மஞ்சளாகி, பிறகு மடிச்ச இடத்தில் அப்பளம் மாதிரி உடையும். இப்ப அச்சகங்களில் கிடைக்கிற சாதாரண வெள்ளைத் தாள் அதை விட எவ்வளவோ நல்லது. இன்னொரு ஆபத்து, பின்னால் சாம்பல் நிறம் உள்ள பெட்டி மட்டை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல். மலிவு எண்டு தருவினம். கழிவுத்தாளில் செய்தது அது, உள்ளே என்ன கலந்திருக்குது எண்டு தெரியாது, தொட்டுக்கொண்டு கிடக்கிற முதல் பக்கத்தையும் பழுப்பாக்கும். இனிப்புப் பெட்டிக்கு அது போதும்.

மட்டையைத் தேவைக்குப் பார்த்து எடுக்கிற பழக்கம் எங்களிட்ட இல்லாமலும் இல்லை. தைப்பொங்கல் அண்டைக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போய் நில்லுங்கோ. பட்டம் கட்டுற பெடியன் ஒருத்தனிட்ட "ஏன் தம்பி ரிசூ தாள், தடிச்ச மட்டையில் கட்டினால் மரியாதையாய் இருக்குமே" எண்டு கேட்டுப் பாருங்கோ. உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். மூங்கிலின் எந்தப் பக்கத்தைச் சீவிறது, எந்தத் தாள் எந்தக் காற்றைத் தாங்கும், விண்ணுக்கு என்ன நார் எண்டதெல்லாம் அவனுக்குக் கைப்பாடம். ஏறவேண்டிய சாமானுக்கு ஏறுற தாள். அந்தப் பெடியனே நாளைக்குத் தன் தாத்தாவின் கல்வெட்டுக்கு அச்சகத்துக்குப் போனால் "உள்ளதுக்குள்ள தடிச்சதைப் போடுங்கோ அண்ணை" எண்டுதான் சொல்லுவான். அச்சகம் எண்டதும் நாங்கள் கையில் உள்ள அறிவை வாசலில் கழட்டி வைச்சிட்டுத்தான் போறம்.

அச்சக ஆக்களில் குற்றம் சொல்லுறது சுகம், ஆனால் முழு நியாயம் இல்லை. அவையிட்ட வாற ஆள் 25ஆம் நாள் இரவு, நித்திரை இல்லாத கண்ணோடு, தொலைபேசியில் பத்துப் படமும் கையெழுத்தில் ஒரு வம்சாவளியும் கொண்டு வாறவர். அவரிட்ட நார் ஓட்டம் பற்றிக் கதைக்க ஏலுமா? கடையில் ஆர்ட் போட் அடுக்கிக் கிடக்குது, லமினேஷன் மெசின் பக்கத்தில் நிற்குது, வேலை முடியும். ஆனால் ஒருக்கால் கேட்டுப் பார்த்தால், பழைய தொழிலாளிகள் பலர் இதையெல்லாம் எங்களை விட நல்லாய்த் தெரிஞ்சவை. கேட்கிற ஆள்தான் இல்லை.

அதாலே இந்த வேலை எங்கட தலைமுறையின் தலையில்தான் விழும். செத்தவீட்டில் பெரியவை அழுதுகொண்டிருக்க, "கல்வெட்டு வேலையை நீ பார்" எண்டு கைத்தொலைபேசி தெரிஞ்ச பேரனிட்டையோ பேத்தியிட்டையோதானே விடுறவை. அப்படி உங்களிட்ட வந்தால் நான் சொல்லக்கூடியது இது. உள்ளுக்கு 80 அல்லது 100 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாள். படத்துக்கு மட்டும் மற் ஆர்ட், ஒரே ஒரு தாள். மட்டைக்கு 200இலிருந்து 250 வரை, இரண்டு பக்கமும் பூச்சு இல்லாதது, பெரிய தாளிலிருந்து நார் முதுகோடு போகிற மாதிரி வெட்டினது, மடிப்பு அமத்தினது. லமினேஷன் வேண்டாம். சித்தப்பா கட்டாயம் வேணும் எண்டு நிண்டால், அவருக்கு அது துக்கத்தின் ஒரு பகுதி, சண்டை பிடிக்காதேங்கோ. மினுங்காத லமினேஷனோடு முடியுங்கோ, உள்தாளை மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ. வம்சாவளிக்குப் பிறகு இரண்டு பக்கம் வெறுமையாய் விடுங்கோ.

பின்னுக்குப் பதிலாய் நூல். மூன்று ஓட்டை, ஒரு ஊசி, மெழுகு பூசின பருத்தி நூல். நடு ஓட்டையால் போய், மேல் ஓட்டையால் வந்து, கீழ் ஓட்டையால் திரும்பிப் போய், நடுவால் வந்து முடிச்சு. ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம் எண்டாலும் முந்நூறு புத்தகத்துக்கு பத்து மணித்தியாலம். தனி ஆளுக்கு வதைதான். ஆனால் செத்தவீட்டில் ஆக்களுக்கா பஞ்சம்? எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் இடையில், பின்னேரங்களில், என்ன கதைக்கிறது எண்டு தெரியாமல் விறாந்தையில் இருக்கிற மச்சான் மச்சாள்மார் ஆறு பேர் இருந்தால் ஒரு பின்னேரமும் கொஞ்ச இரவும். கையில் ஒரு வேலை இருந்தால் கதையும் தானாய் வரும், அந்தக் கதையிலிருந்து வம்சாவளியில் விடுபட்ட பேரும் வரும். நூலால் கட்டினது விரிச்சால் படுத்துக் கிடக்கும். அதாலே ஸ்கான் பண்ணுறதும் சுகம். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிற நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் சேர்க்குது. ஒரு பிரதி அவைக்கு, ஒரு பிரதி பொது நூலகத்துக்கு எண்டு முதலே எடுத்து வையுங்கோ, எல்லாம் குடுத்து முடிஞ்சு மிஞ்சினால் பார்ப்பம் எண்டால் மிஞ்சாது.

அச்சகத்துக்கு எட்டுச் செலவு முடிஞ்ச கையோடு போங்கோ. அப்ப போனால் மட்டையைத் தொட்டுப் பார்த்து, வளைச்சுப் பார்த்து, இல்லாததைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவும் நாள் இருக்கும். 28ஆம் நாள் போனால் கடையில் கிடக்கிறது ஆர்ட் போட்தான்.